முன்பணமும் முழுவாழ்வும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரும் சங்கத்தின் செயற்குழு உறுப்பினருமான பி.ஏ., பி.எட். பட்டதாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு ‘கல்வியும் சமுதாய முன்னேற்றமும்’ என்பதாகும். அத்தலைப்பில் பேசுவது எளிது. 25 ஆண்டுகட்கு முன் ஓலைக் கொட்டகையில், ஒரே குழல்விளக்கின் கீழ், கோணிச் சாக்கில் அமர்ந்து படித்த பிள்ளைகள் இன்று செவிலியராகவும், ஆசிரியராகவும், வங்கி ஊழியராகவும், தொழிற்சாலைத் தொழில்நுட்பராகவும் இம்மன்றத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை எண்ணிப் பெருமை கொள்வது முறையே. ஆனால், விழா என்பது வந்தோரைக் கணக்கிடுவது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடோ வராதோரையும் கணக்கிடுவது. ஒவ்வோர் ஆண்டும் அப்பதிவேட்டில் சில பெயர்களின் மேல் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் ‘நீக்கம்’ என்று எழுதுகிறோம். அக்கோடிட்ட பெயர்களுக்கு உரியோர் எங்கே சென்றனர், யார் அழைத்துச் சென்றனர், என்ன ஆயினர் என்பதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். தலைப்பை மீறியதற்காக விழாக் குழுவினர் பொறுத்தருள்க.

‘ஆள்கடத்தல்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் தாய்மார்களின் நினைவுக்கு வருவது முகமூடி அணிந்தவனும், வேனும், வாயில் அடைத்த துணியும் ஆகும். திரைப்படம் நமக்குக் கற்பித்த பாடம் அது. நடைமுறையில் வருபவன் முகமூடி அணிந்து வருவதில்லை. அவன் மாலை நேரத்தில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, “அண்ணே, அக்கா” என்று உறவு சொல்லிப் பேசுகிறான். வீட்டில் யாருக்கு மருத்துவச் செலவு, எந்தப் பெண்ணுக்குத் திருமணம் தடைப்பட்டிருக்கிறது, எந்தப் பையன் தேர்வில் தவறினான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் கையில் இருப்பது கத்தியன்று, முன்பணம். அம்முன்பணத்தை நாம் இரு கை நீட்டி, நன்றி சொல்லி வாங்குகிறோம். அதனாற்றான் இக்குற்றம் குற்றமாகவே நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பழைய வரலாறு

இது நமக்குப் புதிய நோயன்று. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்தது. ஆயினும், நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் படியாள் என்னும் பெயரால் அந்நிலை தொடர்ந்தது. சிறு கடன் ஒன்றுக்காகத் தந்தை தன் உழைப்பை அடகு வைத்தான். அவன் மறைந்தபின் மகன் அந்த ஏரைப் பிடித்தான். 1891இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் இந்நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். நிலமற்றவனுக்குக் கடனிலிருந்து மீட்சி இல்லை என்பதை அவர் கண்டார். அவ்வறிக்கையின் பயனாகவே 1892இல் நம்மவர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுவது அதனையே. அந்நிலத்தில் எவ்வளவு இன்று நம் கையில் உள்ளது என்பது வேறொரு கூட்டத்திற்குரிய செய்தி. நிலம் போன வழியே கடன் வந்தது, கடன் வந்த வழியே தரகன் வந்தான் என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்வோம்.

உள்ளூரில் படியாளாய் இருக்க மாட்டேன் என்று புறப்பட்டவனுக்கும் விடுதலை கிட்டவில்லை. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. படிக்கத் தெரியாதவர்கள் கைந்நாட்டு வைத்த தாளில் பல ஆண்டு அடிமை வாழ்வு எழுதப்பட்டிருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்கட்கோ கங்காணி ஆள் சேர்த்தான். கங்காணி வேற்றூரான் அல்லன். பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்தவன், உறவினன். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டம் செல்ல வேண்டுமாயின் அவனுடைய கடன் தொகை எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு அவனுடன் செல்லும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ளும். பெயர் வேறாயினும் அது விற்பனையே அன்றோ? அத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால், இன்று செங்கற்சூளை மேஸ்திரியின் சட்டைப் பையில் இருக்கும் சிறிய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். துண்டு ஒழியவில்லை, புத்தகமாகத் தைக்கப்பட்டுவிட்டது.

நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தென்னாப்பிரிக்கா சென்று, அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். பின்னர் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமையைப் பேசியவர். அதே காலத்தில், அதே கடலைக் கடந்த எத்தனையோ ஆயிரம் பேர் கரும்புக் கொல்லையில் மறைந்தனர். கடல் ஒன்றுதான். கையெழுத்திடும் தாளைத் தானே படிக்கும் திறம் பெற்றவனுக்கும், பெறாதவனுக்கும் இடையே இருந்த தொலைவே பெரிது. நம் சங்கத்திற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. தாளைப் படித்துக் கையெழுத்திடும் மனிதரை உருவாக்குவதற்கே இச்சங்கம் தோன்றிற்று.

சட்டம் தந்த கருவி

அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசமைப்பின் 23ஆம் உறுப்பு, மனிதரை வணிகப் பொருளாக்குவதையும், வெட்டி வேலையையும், வலுக்கட்டாய உழைப்பையும் தடை செய்கின்றது. 24ஆம் உறுப்பு 14 வயதிற்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் அமர்த்துவதைத் தடுக்கின்றது. இவ்வடிப்படையில் 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்னோடியான அவசரச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1975 அக்டோபர் 25 முதற்கொண்டே அது செயற்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.

இச்சட்டம் கூறும் மூன்று செய்திகளை இளைஞர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். முதலாவது, கொத்தடிமைக் கடன் எதுவாயினும், எவ்வளவாயினும், அது சட்டத்தின் கண்ணில் செத்த கடன். அதனைத் திருப்பித் தர வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. இரண்டாவது, ‘இது கொத்தடிமைக் கடன்’ என்று தொழிலாளி கூறுவானாயின், ‘அன்று’ என்று மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவனையே சாரும். மூன்றாவது, மாவட்டந்தோறும் கோட்டந்தோறும் ஒரு கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். அக்குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சார்ந்த மூவர் உறுப்பினராக இருத்தல் வேண்டும். நண்பர்களே, இம்மூன்றாவது செய்தி நமக்கென்றே எழுதப்பட்ட வரி அன்றோ? அம்மூன்று நாற்காலிகளில் அமர்வதற்கு ஆள் வேண்டுமெனின், 25 ஆண்டுகள் கல்விப் பணி செய்த நம் சங்கம் அன்றி வேறு யாரிடம் போய்க் கேட்பது? இதுவரை நாம் கேட்டுப் பெறவில்லை என்பது நம் குறையே.

உச்ச நீதிமன்றமும் இச்சட்டத்திற்கு வலு ஊட்டியது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் பற்றிய 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பில், குறைந்தபட்சக் கூலியினும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் வலுக்கட்டாய உழைப்பே என்று நீதிபதிகள் கூறினர். கட்டி வைப்பது கயிறு மட்டுமன்று. பசியும் கயிறே என்பது அத்தீர்ப்பின் கருத்து. அரியானாக் கல்குவாரித் தொழிலாளர்க்காகப் பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கின் தீர்ப்போ, வலுக்கட்டாய உழைப்பு இருக்குமிடத்தில் முன்பணத்தால் நேர்ந்த கொத்தடிமைத்தனம் இருப்பதாகவே முதலில் கருத வேண்டும் என்று வழி காட்டியது.

2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு திருத்தப்பட்டு ஆள்கடத்தலுக்குத் தெளிவான இலக்கணம் வகுக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 143ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. அச்சுறுத்தியோ, ஏமாற்றியோ, ஆசை காட்டியோ, ஒருவரைச் சுரண்டும் நோக்கத்துடன் திரட்டுவதும், ஏற்றிச் செல்வதும், தங்க வைப்பதும், ஒப்படைப்பதும், பெற்றுக்கொள்வதும் ஆகிய ஐந்து செயலுமே குற்றம். தண்டனை 7 ஆண்டிற்குக் குறையாது. ஆள் 18 வயது நிரம்பாதவராயின் 10 ஆண்டிற்குக் குறையாது. ‘அவளே சம்மதித்துத்தான் வந்தாள்’ என்று தரகன் சொல்லித் தப்ப இயலாது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டன்று எனச் சட்டம் வெளிப்படையாகக் கூறுகின்றது.

நம் கண்முன் நடப்பது

நம் பகுதி இன்று பழைய பகுதியன்று. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது முதல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் எனச் சிப்காட் வளாகங்கள் ஏரிக்கரை வரை விரிந்துவிட்டன. முறையாகப் பணியமர்த்தி, அடையாள அட்டை தந்து, வங்கிக் கணக்கில் ஊதியம் செலுத்தி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யும் தொழிற்சாலை வேலையை ஆள்கடத்தல் என்று நாம் கூறவில்லை. அவ்வேலையால் நம் வீடுகளில் கூரை மாறியிருக்கிறது. அங்கும் குறையுண்டு. 2021 டிசம்பர்த் திங்களில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் விடுதியில் உணவு நஞ்சாகிப் பெண் தொழிலாளர் பலர் நோயுற்றபோது, அப்பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டதை நாம் கண்டோம். ஆனால், ஒன்றை உற்று நோக்குக. அவர்களால் சாலைக்கு வர முடிந்தது; குரல் எழுப்ப முடிந்தது. சாலைக்கு வரவே முடியாதவர்களைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

2019 ஜூலைத் திங்களில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் கோனேரிக்குப்பத்திலும், வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் தொழிலிடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேர் கொத்தடிமை நிலையினின்று மீட்கப்பட்டனர். இருளர் பழங்குடியைச் சார்ந்தோர் அவர்கள். மீட்க வந்த அரசு அலுவலரின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து வணங்கிய படம் நாடெங்கும் செய்தித்தாள்களில் வெளிவந்தது. அவரை அங்கே கட்டி வைத்த கடன் ஆயிரம் ரூபாய் அளவினது என்று செய்திகள் கூறின. நம் இளைஞர் ஒருவரின் கைப்பேசிக்கு ஆகும் செலவைக் காட்டிலும் குறைவான தொகைக்கு ஒரு மனிதரின் முதுமைக் காலம் விலை போயிருக்கிறது. அவ்விடம் நாம் பேருந்தில் சென்று மாலைக்குள் திரும்பும் தொலைவிலேயே உள்ளது.

நம் குற்றம்

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. சொல்லாது விட்டால் இவ்வுரைக்கே பொருளில்லை.

2008ஆம் ஆண்டு. நம் மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். கணக்கில் கெட்டி. தந்தையார் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். நம் தெருவைச் சேர்ந்த ஒருவர் அவ்வீட்டிற்கு 5,000 ரூபாய் முன்பணம் கொண்டுவந்தார். மேற்கு மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் மூன்றாண்டு வேலை. தங்கும் இடம், உணவு இலவசம். மூன்றாண்டு முடிவில் திருமணத்திற்கென 40,000 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும். ‘சுமங்கலித் திட்டம்’ என்று அச்சிட்ட துண்டறிக்கையில் பூவும் பொட்டுமாக ஒரு பெண்ணின் படம். எவ்வளவு மங்கலமான பெயர்! அக்காலத்தில் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் நம்மவர் பெண்கள் பல்லாயிரவர் இப்பெயரால் நூற்பாலைகட்குச் சென்றனர்.

அவள் தாயார் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தபோது வகுப்பாசிரியராக இருந்து அப்படிவத்தை நிரப்பியவர்கள் நாமே. ‘எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் விடை தெரிந்துவிடும். தெரிந்தால் ஏதேனும் செய்ய வேண்டியிருக்கும். ஆதலின், பதிவேட்டில் சிவப்புக் கோடிட்டுவிட்டு அடுத்த வகுப்பிற்குச் சென்றோம்.

அவள் இரண்டு ஆண்டு ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். பஞ்சுத் தூசியால் இருமல். இரவு முறை வேலையில் நின்று நின்று கால் வீக்கம். விடுதியை விட்டு வெளியே செல்லத் தடை. தாயுடன் தொலைபேசியில் பேசுவதற்கும் மேற்பார்வையாளர் அருகில் நிற்பார். மூன்றாண்டு நிறைவு பெறவில்லை என்று கூறி 40,000 ரூபாயில் ஒரு காசும் தரவில்லை. முன்பணத்திற்கும் உணவிற்கும் கழித்தது போக மீதி என்று 1,800 ரூபாய் கொடுத்து அனுப்பினர். ஐந்து மாதத்திற்கு முன்னர் நோயுற்றது அவள் குற்றமாம்.

அதே 2008ஆம் ஆண்டில்தான், அப்பெண்ணையும் அவளைப் போன்ற பிறரையும் அனுப்பி வைத்த அந்த அன்பர், நம் சங்கப் படிப்பகத்திற்கு இரண்டு மின்விசிறிகள் வழங்கினார். அதற்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் நம் கையாலேயே எழுதப்பட்டது. அவ்விசிறிகள் இன்றும் படிப்பகத்தில் சுழல்கின்றன. நிறுத்தினால், இறக்கையில் சிவப்பு வண்ணத்தில் ‘உபயம்’ என்று எழுதிய எழுத்தைப் படிக்கலாம். ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று ஆலை தந்த தரகுப் பணத்தில் வந்த காற்று அது. அக்காற்றின் கீழ் அமர்ந்து நாம் சமுதாய முன்னேற்றம் பேசி வந்திருக்கிறோம்.

அவரை நாம் பழிக்க எழவில்லை. அவரும் சிறு வயதில் தந்தையின் முன்பணத்திற்காகச் செங்கல் சுமந்தவர்; பள்ளியைக் கண்ணால் கண்டதில்லை. சுமந்தவன் ஒருநாள் சுமக்க வைப்பவனாக மாறுவதே இம்முறையின் சூழ்ச்சி. முதலாளி நம் தெருவிற்குள் வருவதில்லை. நம்மவனைக் கொண்டே நம்மவனைப் பிடிக்கிறான். அன்று கங்காணி, இன்று மேஸ்திரி, நாளை வேறு பெயர். ஆனால், ‘நம்மவர்தானே’ என்று நாம் வாய் மூடி இருக்கும்வரை அப்பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், வேலை மாறாது.

கடல் கடந்த வலை

படித்தவர்க்கு இவ்விடர் இல்லை என்று எண்ணுவோரும் உண்டு. அது தவறு. தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று கைப்பேசியில் வந்த விளம்பரத்தை நம்பிச் சென்ற படித்த இளைஞர்கள், எல்லை கடந்து மியான்மருக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணையவழி மோசடி செய்யும் கூடங்களில் அடைக்கப்பட்டனர். பிறரை ஏமாற்ற மறுத்தால் அடி. வெளியேற வேண்டுமானால் பெருந்தொகை. 2022 அக்டோபர்த் திங்களில் அவ்வாறு மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தனர். அதே வலை கம்போடியாவிலும் லாவோசிலும் விரிந்திருப்பதை அதன்பின் நாடறிந்தது. ஐ.டி.ஐ., பட்டயம், பட்டம் பெற்று ஒப்பந்த வேலையின் முடிவை எதிர்நோக்கி நிற்கும் நம் பகுதி இளைஞரே இத்தரகர்க்கு ஏற்ற இரை.

வெளிநாடு செல்லற்க என்று நாம் கூறவில்லை. சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்லற்க. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படிப் பதிவு பெற்ற முகவர்தாமா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாயும் தரற்க. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் உண்டு. 1978இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் உண்டு. அங்கே கேட்பதற்குக் கட்டணமில்லை, வெட்கமும் வேண்டா. ஒப்பந்தத் தாளின் படியையும் கடவுச்சீட்டின் படியையும் வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுக.

நம் வாடகைதாரர்

இன்னுமொரு செய்தி. நம் பிள்ளைகள் வெளியே செல்வதைப் பேசினோம். பிறர் பிள்ளைகள் நம்மிடம் வருவதைப் பார்த்தோமா? ஒடிசாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், அசாமிலிருந்தும் தொழிலாளர் இங்கே வருகின்றனர். அவர்களுள் பலர் தாமே விரும்பி வந்து, உழைத்து, ஊருக்குப் பணம் அனுப்புவோர். ஆனால், அனைவரும் அவ்வாறல்லர். 2011ஆம் ஆண்டு, அண்டை மாவட்டமாகிய திருவள்ளூரில் ஒரே செங்கற்சூளையிலிருந்து ஒடிசாத் தொழிலாளர் 500 பேருக்கு மேல் மீட்கப்பட்டனர். அவர்களும் தம் ஊரில் முன்பணம் வாங்கியவர்களே. அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்றே நிலமற்ற ஒடுக்கப்பட்டோரே.

இன்று நம் குடியிருப்பின் ஓரத்தில் தகரக் கொட்டகை அமைத்து, ஓர் அறையில் பத்துப் பேரைத் தங்க வைத்து வாடகை வாங்குவோருள் நம் சங்க உறுப்பினரும் உளர். வாடகை வாங்குவது குற்றமன்று. ஆனால், அவ்வறையில் மீசை அரும்பாத சிறுவன் ஒருவன் நாள்தோறும் வேலைக்குச் செல்வதைக் கண்டும், அவர்களுடைய ஆதார் அட்டைகளை ஒப்பந்தக்காரன் கட்டாகக் கட்டித் தன் பையில் வைத்திருப்பதை அறிந்தும், ‘நமக்கென்ன’ என்று இருப்பது குற்றத்திற்குத் துணை நிற்பதாகும். ‘இந்திக்காரன்’ என்று ஏளனம் செய்யும் வாய், ஒரு காலத்தில் நேட்டாலிலும் இலங்கையிலும் நம்மைக் ‘கூலி’ என்று அழைத்த வாயின் தம்பியே என்பதை மறவாதிருப்போம்.

செய்ய வேண்டுவன

எவ்வேலையாயினும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் நாளைக்கே விட்டுவிட்டு வர முடியுமா? அடையாளச் சான்றுகள் யார் கையில் இருக்கும்? கூலி தொழிலாளியின் கையிலோ அவர்தம் வங்கிக் கணக்கிலோ வருமா, வேறொருவரிடம் செல்லுமா? வீட்டாருடன் தனிமையில் பேச முடியுமா? இவற்றுள் ஒன்றிற்கேனும் நேரான விடை கிடைக்கவில்லையெனின் அவ்வேலைக்கு ஆளை அனுப்பலாகாது.

அடுத்து, நம் சங்கத்திற்குச் சில வேண்டுகோள்கள்.

ஒன்று: பள்ளியினின்று நின்ற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிற்கும் மூன்று நாளுக்குள் சங்க இளைஞர் இருவர் செல்ல வேண்டும். நாங்கள் பள்ளியிலிருந்து தகவல் தரச் சித்தமாயிருக்கிறோம். இனி எம் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்போரிடம், அன்று கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்காமல் கையெழுத்திடுவதில்லை.

இரண்டு: முன்பணத்தின் வேர் மருத்துவச் செலவும், சாவும், திருமணமும் ஆகும். 5,000 ரூபாய்க்கு ஒரு பெண்ணின் படிப்பு போயிற்று. அந்த 5,000 ரூபாய் அன்று சங்கத்தில் இருந்தது. விழா மேடைக்குச் செலவிட்டோம். ஆதலின், வெள்ளி விழா மிச்சத்தைக் கொண்டு ஓர் இடர்நீக்கு நிதி தொடங்குவோம். வட்டியில்லாமல், சிறுகச் சிறுகத் திருப்பும் வகையில் அஃது அமையட்டும். நம் மகளிர் குழுக்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். அவர்களைவிட நேர்மையாகக் கணக்கெழுதுவோரை நாம் கண்டதில்லை.

மூன்று: மாவட்ட, கோட்டக் கண்காணிப்புக் குழுக்களில் நம் சங்கத்தார் இடம்பெற மாவட்ட ஆட்சியர்க்கு மனு அளிப்போம். ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஆண்டுக்கொரு முறை தேநீர் அருந்திக் கலைவதாக இல்லாமல், உண்மையாகக் கூடுமாறு கேட்போம்.

நான்கு: மீட்கப்பட்டோர் எவரேனும் நம் ஊருக்குத் திரும்புவாராயின், வருவாய்க் கோட்டாட்சியரிடமிருந்து விடுவிப்புச் சான்று பெற உடன் செல்வோம். அச்சான்றே அனைத்திற்கும் திறவுகோல். 2016இல் சீரமைக்கப்பட்ட மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தின்படி ஆண் தொழிலாளர்க்கு 1 இலட்சமும், பெண்கட்கும் குழந்தைகட்கும் 2 இலட்சமும், கொடிய சுரண்டலுக்கு ஆட்பட்டோர்க்கு 3 இலட்சமும் உதவி உண்டு. உடனடித் துணையாக 30,000 ரூபாய் வரை தனியே உண்டு. சான்று இல்லாதவர் பலர் மீண்டும் அதே சூளைக்குத் திரும்புவதற்குக் காரணம், சோம்பலன்று, வயிறு.

ஐந்து: படிப்பகச் சுவரில் இவ்வெண்களை எழுதி வைப்போம். குழந்தைகட்கு 1098, பெண்கட்கு 181, அவசரத்திற்கு 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100. தாமே சென்று மீட்க முயல வேண்டா. மறைப்பர், மிரட்டுவர், ஆளை இடம் மாற்றுவர். இடம், நாள், கண்ட செய்தி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உரியோர்க்குத் தெரிவிப்பதே முறை.

ஆறு: முன்பணம் கொடுத்து ஆள் அனுப்பும் எவரிடமிருந்தும் இச்சங்கம் இனி நன்கொடை பெறாது என்று இன்றைய பொதுக்குழு தீர்மானிக்க வேண்டும். வருமானம் குறையும். விழாவில் மாலைகள் குறையும். குறையட்டும்.

நிறைவாக ஒன்று. அந்த மாணவிக்கு இப்போது முப்பது வயது கடந்துவிட்டது. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினாள். இன்று ஒரகடம் பகுதித் தொழிற்சாலை ஒன்றின் சிற்றுண்டிச்சாலையில் கணக்கெழுதுகிறாள். அவளுடைய மகள் நம் மாலை வகுப்பில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற திங்கள் மகளை அழைத்துச் செல்ல வந்தவள், படிப்பகத்துள் வராமல் வாசலிலேயே நின்றாள். “உள்ளே வாம்மா, காற்றோட்டமாக இருக்கிறது” என்று அழைத்தோம். அவள் மேலே விசிறியைப் பார்த்தாள். “இங்கேயே நிற்கிறேன் ஐயா” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இவ்வுரை அன்றிரவே எழுதப்பட்டது.



(பின்குறிப்பு: விசிறிகளைப் பற்றிய பகுதியை மலரில் நீக்கிவிடலாம் என்று செயற்குழுவில் சிலர் கருதினர். அச்சிடுக என்று பொதுக்குழு கூறியது. ஆறாவது வேண்டுகோள் அன்றே தீர்மானமாக நிறைவேறியது. இடர்நீக்கு நிதியின் கணக்கு ஒவ்வொரு திங்களும் படிப்பக வாசலில் ஒட்டப்படும்.)